பார்க்க ஆளில்லாத ஆட்டம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அம்மன் திருவிழாவில் கரகம் எடுக்கவும் ஆடல் பாடல் மேடையில் ஏறவும் திருநங்கைகளைக் கூப்பிடுவது புதிதில்லை. கூத்தில் பெண் வேஷம் கட்டி விடிய விடிய ஆடுகிற ஆண்களும் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். சாவு ஊர்வலத்தில் பறைக்கு முன்னால் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வளைந்து நெளிந்து ஆடுகிற பையனை யாரும் ஒன்றும் சொல்வதில்லை, அன்றைக்கு மட்டும். அப்புறம் எதற்குப் பால்புதுமையினருக்கென்று, அதாவது ‘குயர்’ என்று சொல்லப்படுகிறவர்களுக்கென்று, தனியாக ஒரு நடனப் பட்டறை என்று யாராவது கேட்டால், நியாயமான கேள்விதான். என் பதில் இது: மேலே சொன்ன எல்லா ஆட்டத்திலும் எதிரே உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்கிறது, ஆடுகிறவர் யார், எதுவரை ஆடலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஆள்தான் முடிவு செய்கிறார். பட்டறையில் அவர் இல்லை. அவர் இல்லாதபோது உடம்பு என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் இதை நடத்துகிறார்கள்.

முதலில் இது என்ன என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘டான்ஸ் ஒர்க்‌ஷாப்’ என்றதும் ஓசூரில் மாடியில் நடக்கும் ஜூம்பா வகுப்போ, பள்ளி ஆண்டு விழாவுக்கு ஸ்டெப் சொல்லித்தரும் மாஸ்டரோதான் கண்ணுக்கு முன்னால் வருவார்கள். இங்கே அரங்கேற்றம் கிடையாது, குருதட்சிணை கிடையாது, நன்றாக ஆடுகிறவர் முன் வரிசை என்கிற கணக்கும் கிடையாது. இருபது முப்பது பேர் ஒரு கூடத்தில் அரை நாள் சேர்ந்து அசைகிறார்கள், ஒருவர் வழிநடத்துகிறார். திருநங்கைகள், திருநம்பிகள், தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள், பெண்கள், இருபாலீர்ப்பு கொண்டவர்கள், இன்னும் எந்தப் பெயரையும் தனக்கு வைத்துக்கொள்ளாதவர்கள், இவர்களோடு கூட வந்த நண்பர், அக்கா, எப்போதாவது ஓர் அம்மா. ஐம்பது வயதில் மூட்டுவலியோடு வருகிறவருக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் அதே பயிற்சிதான், அவரவர் உடம்புக்கு ஏற்ற மாதிரி. மாற்றுத்திறன் உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே குழுவில் ஆடலாம் என்பதை லண்டனின் கேண்டோகோ குழு 1991-லிருந்து செய்து காட்டி வருகிறது; எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் பட்டறைகள் அந்த வழியிலிருந்தும் நிறைய எடுத்துக்கொண்டிருக்கின்றன.

சரி, கூட்டம் போட்டுப் பேசினால் போதாதா, எதற்கு ஆட்டம்? ஏனென்றால் பேச்சு வருவதற்கு முன்பே உடம்பைத்தான் பிடிக்கிறார்கள். ஏழாவது படிக்கும் பையனுக்கு ‘ஒன்பது’ என்று பட்டம் வைப்பது அவன் யாரை விரும்புகிறான் என்று சொன்னதற்காக இல்லை, அது அவனுக்கே அப்போது தெரிந்திருக்காது. கையை ஆட்டிப் பேசினான், ஓடும்போது முழங்கை உள்ளே மடங்கியது, இடுப்பு கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். வீட்டில் அப்பா ‘நடையை மாத்துடா’ என்பார். பெண்ணாக வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு ‘காலை அகட்டி உட்காராதே’, ‘என்ன ஆம்பள மாதிரி நடக்கிற’. பத்து வருஷம் இதைக் கேட்டால் உடம்பு தன்னைத்தானே காவல் காக்கக் கற்றுக்கொள்கிறது. அப்பாவும் வாத்தியாரும் பக்கத்தில் இல்லாதபோதும் தோள் விறைப்பாகவே இருக்கிறது. வாயால் ‘நான் இப்படித்தான்’ என்று சொல்லத் துணிந்தவர்களில் எத்தனையோ பேருக்கு இந்த விறைப்பு போவதே இல்லை. பேசிப் பேசி ஏற்பட்டதாக இருந்தால் பேசியே தீர்க்கலாம், இது அப்படி வந்ததில்லையே.

அதனால்தான் இந்தப் பட்டறைகளில் பரவலாகச் செய்கிற முதல் பயிற்சியே நடை. எல்லோரும் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடக்க வேண்டும், வேறொன்றும் இல்லை. முதல் சுற்றில், தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ராத்திரி எட்டு மணிக்கு எப்படி நடப்பீர்களோ அப்படி. சொன்ன மாத்திரத்தில் மாறும்: கை பாக்கெட்டுக்குள் போகும், முழங்கை விலாவோடு ஒட்டும், ஒருவர் துப்பட்டாவை இழுத்துவிடுவார், ஒருவர் இல்லாத போனைக் காதில் வைத்துக்கொள்வார், எல்லோருக்கும் வேகம் கூடும். அடுத்த சுற்றில், வீட்டில் யாருமில்லாத மத்தியானம் அடுப்படிக்குத் தண்ணீர் குடிக்கப் போகும் நடை. இதில் கூடமே மெதுவாகிவிடும். மூன்றாவது சுற்றில், இந்த நடையில் எதற்காக நீங்கள் அதிகம் திட்டு வாங்கியிருக்கிறீர்களோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மணிக்கட்டோ இடுப்போ குதிகாலோ, அதைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், இன்னும் பெரிதாக்குங்கள். இங்கேதான் சிரிப்பு கிளம்பும். பக்கத்தில் இருப்பவர் அந்த அசைவைப் பார்த்து வாங்கிக்கொள்கிறார், அவரிடமிருந்து அடுத்தவர், கடைசியில் முப்பது பேரும் ஒரே தாளத்தில் அந்த ஒரு மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அந்த மணிக்கட்டுக்குச் சொந்தக்காரரை நடித்துக் காட்டிச் சிரித்தவர்களும் இதே அசைவைத்தான் காப்பியடித்தார்கள். இங்கேயும் காப்பிதான், ஆனால் அடவு கற்றுக்கொள்கிற மாதிரி, ‘இன்னொரு தடவை காட்டு, கை எங்கே திரும்புது?’ என்று கேட்டுக் கேட்டு. இந்த ஒரு பயிற்சி புரிந்துவிட்டால் பட்டறை எதற்கு என்பது பாதி புரிந்த மாதிரி.

இப்படித் திட்டு வாங்கிய அசைவை ஆட்டமாக்குவதற்கு உலகத்தில் நீண்ட வழிமுறை உண்டு. நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பால்புதுமையினர் தங்களுக்குள் நடத்திக்கொண்ட ‘பால்’ (ball) என்ற ஆடல், அலங்காரப் போட்டிகளிலிருந்து வோகிங் என்ற ஆட்டம் வளர்ந்தது. 1967-ல் பெண் வேஷம் கட்டுகிறவர்களுக்கான ஓர் அழகிப் போட்டியில் தீர்ப்பு வெள்ளையருக்குச் சாதகமாக இருக்கிறது என்று சண்டை போட்டு வெளியேறிய கிரிஸ்டல் லபேஜாவின் பெயரில், எழுபதுகளில் ஒரு ‘ஹவுஸ்’ உருவானது. ஹவுஸ் என்பது வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளுக்குத் தலைவியாக ஓர் அம்மா இருக்கிற குடும்பம். நம்மூர்த் திருநங்கைகளின் அம்மா–மகள் உறவு தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஃபேஷன் பத்திரிகையின் போஸ்களில் தொடங்கிய வோகிங்கில் இன்றைக்குக் கை அசைவு, பூனை நடை, குந்தியபடியே துள்ளி நடப்பது, சுழற்சி, மல்லாக்கத் தரையில் சாய்வது என்று தனி இலக்கணமே இருக்கிறது. ஆனால் அது போட்டி, நடுவர் உண்டு, மதிப்பெண் உண்டு. அந்தப் பக்கத்தைப் பட்டறைகள் பெரும்பாலும் விட்டுவிட்டு அசைவை மட்டும் எடுத்துக்கொள்கின்றன.

இன்னொரு வேர் ஜோடி ஆட்டம். டேங்கோவில் ஆண் நடத்துவார், பெண் பின்தொடர்வார் என்பதுதான் பழக்கம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-ல் தொடங்கிய குயர் டேங்கோ விழா, யார் நடத்துவது என்பதை ஆடுகிற இருவரே பேசி முடிவு செய்யட்டும், பாட்டு நடுவிலேயே மாற்றிக்கொள்ளட்டும் என்றது. 1972-ல் அமெரிக்காவில் ஸ்டீவ் பாக்ஸ்டன் தொடங்கிவைத்த காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷன் இதற்கும் முந்தியது. அது குயர் ஆட்டமாகப் பிறந்ததல்ல. இரண்டு உடம்புகள் எடையை மாற்றி மாற்றித் தாங்குவதுதான் அதில் எல்லாமே, அதனால் ‘தூக்குகிறவர் ஆண், தூக்கப்படுகிறவர் பெண்’ என்ற ஏற்பாட்டுக்கே அங்கே வேலை இல்லாமல் போகிறது. நம்முடைய சினிமாப் பாட்டைப் பாருங்கள், ஹீரோ ஸ்டெப் தனி, ஹீரோயின் ஸ்டெப் தனி, நடுவில் கோடு கிழித்த மாதிரி இருக்கும். கல்யாண ரிசப்ஷனில் ஆடுகிற பிள்ளைகளும் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை.

ஆனால் இதெல்லாம் வெளியூர்ச் சரக்கு, நமக்கு எதற்கு என்று சொல்வதற்கு முன் நம் சரக்கையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடுகிற 11 ஆடல்களில் ஒன்று பேடு; மன்மதன் பேடி உருவில், அதாவது ஆண்மை திரிந்த பெண் கோலத்தில், ஆடியது என்பது அதன் கதை. மகாபாரதத்தில் விராடன் அரண்மனையில் உத்தரைக்கு நடனம் சொல்லித்தருகிற வாத்தியார் பிருகன்னளை, அதாவது ஊர்வசியின் சாபத்தால் ஆண்மை நீங்கிய அர்ச்சுனன். தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் பாரதம் போடும்போது இதெல்லாம் சும்மா புராணம் இல்லை, ஊரே உட்கார்ந்து பார்க்கிற விஷயம். மழை வேண்டி விராட பருவம் நடத்துகிற வழக்கம்கூட உண்டு. மழைக்குப் பஞ்சமான மாவட்டங்களில் மழையை வரவழைக்கிற கதைக்குள் இப்படி ஒரு நடன ஆசிரியை இருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

பிடித்த விஷயம்தான், ஆனால் இதை வைத்து ‘பார்த்தீர்களா, நம் பண்பாடு அந்தக் காலத்திலேயே ஏற்றுக்கொண்டது’ என்று முழங்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பிருகன்னளைக்கு ஒரு வருஷம் கெடு. கெடு முடிந்ததும் வன்னி மரத்திலிருந்து காண்டீபத்தை இறக்கிக்கொண்டு அர்ச்சுனன் பழையபடி வில்லாளி. மன்மதனும் பேடு ஆடியது அநிருத்தனைச் சிறைமீட்க. அரவானுக்காகக் கிருஷ்ணன் மோகினியானதும் ஓர் இரவுக்குத்தான். அதாவது நம் கதைகள் அனுமதி கொடுக்கின்றன, ஆனால் காரியம் இருக்க வேண்டும், வேஷமாக இருக்க வேண்டும், முடிந்ததும் கலைத்துவிட வேண்டும். கூத்திலும் இதேதான். ஒப்பனைக் கொட்டகையில் பெண் வேஷக்காரர் அரிதாரம் பூசி, மீசை எடுத்த இடத்தை இன்னொரு தடவை விரலால் தடவிப் பார்த்து, கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது ஊர்க்காரர்களே டீ வாங்கி வந்து கொடுப்பார்கள். ஆட்கள் கையில் பிடித்து நிற்கும் திரைக்குப் பின்னால் சலங்கை ஒலித்ததும் கூட்டம் நிமிரும். விடிந்து, முகத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு அவர் வண்டியில் போகும்போது கையசைவில் ராத்திரியின் மிச்சம் கொஞ்சம் ஒட்டியிருந்தால், டீ வாங்கிக் கொடுத்த அதே வாய்தான் கேலி செய்யும். மேடையில் பெண் வேஷம் கட்டுகிறவர்கள் எல்லோரும் குயர் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலானவர்கள் பிள்ளைகுட்டியோடு இருக்கிற தொழில்முறைக் கலைஞர்கள். வேஷத்துக்குக் கிடைக்கிற மரியாதை மனிதருக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் இங்கே விஷயம்.

செவ்வியல் மேடைக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ் தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்று, 2019-ல் பத்மஸ்ரீ பெற்றார், அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை அவர். தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவு வயது வந்தவர்களின் சம்மத உறவுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி சொன்னதே, அந்த வழக்குக்கே பெயராக இருக்கிற நவ்தேஜ் சிங் ஜோகர் ஒரு பரதநாட்டியக் கலைஞர், சென்னைக் கலாக்ஷேத்ராவில் படித்தவர். வக்கீலோ அரசியல்வாதியோ இல்லை, ஓர் ஆட்டக்காரர் பெயரில் அந்தத் தீர்ப்பு நிற்கிறது. இருந்தாலும் பரதம் ஆண்டுக்கணக்கில் கற்க வேண்டியது, காசும் வேண்டும், சேர்த்துக்கொள்கிற ஆசிரியரும் வேண்டும். பாலக்கோட்டிலிருந்து தக்காளி லோடு ஏற்றிவிட்டு வருகிறவரும் ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்து வருகிறவரும் அரை நாளில் ஏறக்கூடிய படி அது இல்லை.

சிறு ஊர்களில் இந்த மக்கள் கூடுவதற்கு முன்பு இடமே இல்லையா என்றால், இருந்தது. தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994-ல் வந்தது, அதைத் தொடர்ந்து நடந்த தடுப்புத் திட்டங்களில் மாவட்டந்தோறும் சிறு மையங்கள் முளைத்தன. பரிசோதனைக்கும் ஆணுறைக்கும் வந்தவர்கள் அங்கே பேசினார்கள், பாட்டுப் போட்டு ஆடவும் செய்தார்கள். அந்த மையங்களால் பிழைத்தவர்கள் ஏராளம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மனிதர் தன்னைப் போன்றவர்களைச் சந்திக்க வேண்டுமென்றால் நோய்ப் பட்டியலில் முதலில் பெயர் ஏற வேண்டும் என்ற நிலை நல்லதில்லையே. 2008-ல் திருநங்கையர் நல வாரியம் வந்தபோதும் அட்டை, பட்டா, உதவித்தொகை என்று தேவைகள் பேசப்பட்டன, பேசத்தான் வேண்டும். மனுவும் மருந்தும் இல்லாமல், சந்தோஷத்துக்காக மட்டும் கூடுவது இந்தப் பக்கத்தில் இன்னமும் ஒரு ஆடம்பரமாகத்தான் பார்க்கப்படுகிறது. அதனால்தான் ‘கொண்டாட்டம்’ என்று பட்டறைக்காரர்கள் சொல்லும்போது சிலருக்கு எரிச்சல் வருகிறது: சோத்துக்கே வழியில்லை, கொண்டாட்டம் எதற்கு?

சோறும் வேண்டும், கொண்டாட்டமும் வேண்டும் என்பதற்கு ஆய்வு வழியாகவும் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிரேசிலில் பள்ளி மாணவர்களை வைத்துச் செய்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் சேர்ந்து ஆடியவர்களுக்கு வலி தாங்கும் அளவு கூடியிருந்தது, கூட ஆடியவர்களோடு நெருக்கம் கூடியதாகவும் அவர்கள் சொன்னார்கள். வலியை எப்படி அளந்தார்கள் தெரியுமா, ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் இறுக்கிக்கொண்டே போய் ‘போதும்’ என்று எப்போது சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். கோலாட்டமோ ஒயிலாட்டமோ ஆடிப் பழகியவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. ஆனால் ஒன்று, இதைச் சிகிச்சை என்று யாரும் விற்கக் கூடாது. மன அழுத்தத்துக்கு ஆலோசகர் வேறு, பட்டறை வேறு. அதைவிட முக்கியமாக, ஒருவரின் ஈர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்ற மருத்துவம் என்ற பெயரில் முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7-ஆம் தேதி உத்தரவிலேயே தடுத்திருக்கிறது. நடனத்தை அந்தப் பக்கம் திருப்பினாலும் அது அதே தப்புதான்.

தொடுதலைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. பெங்களூரிலும் சென்னையிலும் நடக்கிற பட்டறைகளில் சம்மதம் என்பதை நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். உள்ளங்கையைத் திறந்து நீட்டினால் தொடலாம், நெஞ்சோடு வைத்துக்கொண்டால் வேண்டாம், காரணம் கேட்கக் கூடாது. நல்ல ஏற்பாடு. நம் மாவட்டங்களில் அதற்குக் கீழே இன்னொரு அடுக்கு இருக்கிறது. யார் கையை யார் பிடிப்பது என்பது இங்கே சாதி. 2012 நவம்பரில், சாதி மாறி நடந்த ஒரு கல்யாணத்தைத் தொடர்ந்து தர்மபுரி பக்கத்தில் நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டதை இந்த ஊர் மறக்கவில்லை. ‘நாமெல்லாம் குயர், நமக்குள் என்ன சாதி’ என்று வழிநடத்துகிறவர் சிரித்துக்கொண்டே சொல்லலாம். கூடத்தில் யாருக்கு யார் ஜோடியாகச் சேர்கிறார்கள், யாருடைய தட்டில் யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தால் தெரியும் சாதி எங்கே இருக்கிறது என்று. சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்ப்பது, ஜோடியை அடிக்கடி மாற்றுவது போன்ற சின்ன ஏற்பாடுகள் இதைக் கொஞ்சம் உடைக்கும். பறையும் அப்படித்தான். பறை அடித்தால் எந்த உடம்பும் சும்மா இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் பறைக்காரரைக் கூப்பிட்டு ஓரமாக உட்காரவைத்து அடிக்கச் சொல்லிவிட்டு மற்றவர்கள் ஆடினால் ஊர்த் திருவிழாவுக்கும் பட்டறைக்கும் என்ன வித்தியாசம்? அவரும் வட்டத்துக்குள் வர வேண்டும், ஆடுகிறவர்கள் கையில் குச்சி போக வேண்டும்.

நடைமுறை விஷயங்களில்தான் இந்த மாதிரி வேலை வெல்லும் அல்லது கவிழும். இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குக் கிடைக்கிற பெரிய கூடம் கல்யாண மண்டபம்தான். ‘என்ன ஃபங்ஷன்?’ என்று மேனேஜர் கேட்பார், ‘டான்ஸ் கிளாஸ்’ என்றால் போதும், அது பொய்யும் இல்லை. உள்ளே போனால் உடை மாற்ற இரண்டு அறை, மணமகன் அறை, மணமகள் அறை என்று கதவிலேயே பெயிண்டில் எழுதியிருக்கும். ஒரு திருநம்பி எந்தக் கதவைத் திறப்பார்? இரண்டு கதவு மேலும் வெள்ளைத் தாளை ஒட்டி ‘உடை மாற்றும் அறை 1’, ‘உடை மாற்றும் அறை 2’ என்று எழுதிவிடுங்கள். கழிப்பறைக்கும் அதே தாள் வைத்தியம். மண்டபத்தில் ஆளுயரக் கண்ணாடி இல்லாததைக் குறையாக நினைக்க வேண்டாம். தன் உடம்பைப் பார்த்தாலே சங்கடப்படுகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. மார்பை இறுக்கும் பைண்டர் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குக் கடினமாகக் குதித்து ஆடினால் மூச்சு முட்டும், அதனால் வேகமான பகுதிகளுக்கு நடுவே நிறுத்தி நிறுத்திப் போவதும், உட்கார்ந்தபடியே செய்யும் மாற்று அசைவு ஒன்றைச் சேர்த்தே சொல்லித்தருவதும் கட்டாயம். நாகரிகத்துக்காகச் சொல்லவில்லை, மூச்சு சம்பந்தப்பட்டது.

போன் இன்னொரு தலைவலி. உங்கள் பத்து விநாடி ரீல்ஸில் பின்னால் மங்கலாகத் தெரிகிற ஒருவர் காரிமங்கலத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவராக இருக்கலாம், அந்த வீடியோ அவர் மாமனார் கைக்குப் போக ஒரு மாலை போதும். படம் எடுக்கக் கூடாது என்று அறிவித்துவிட்டு விட்டுவிடுவது பிரயோஜனமில்லை, போன்களை ஆளுக்கொரு துணிப்பையில் போட்டு, அவசர அழைப்புக்கு ஒரே ஒரு எண்ணை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொல்வதுதான் நடக்கிற வழி. போலீஸ் வந்து கேட்டால்? தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் 2022-ல் 24-சி என்று ஒரு விதி சேர்க்கப்பட்டது. பால்புதுமையினரையும் அவர்கள் நலனுக்காக வேலை செய்கிறவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. அதை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், குரலை உயர்த்தாமல் எடுத்துக் காட்டலாம்.

அப்புறம் மொழி. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கூடத்தில் முப்பது பேர் என்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் இருக்கும், உருதும் இந்தியும் சேரலாம். இது நடனத்துக்குச் சாதகம், செய்து காட்டினால் போதும். பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது: பெங்களூர் பக்கத்திலேயே இருப்பதால் அங்கிருந்து வருகிற பயிற்சியாளர் ஆங்கிலத்தில் தொடங்குவார், பத்து நிமிஷத்தில் ஆங்கிலம் தெரிந்த நாலு பேர் நடுவிலும் மற்றவர்கள் சுவரோரமும் ஆகிவிடுவார்கள். பெங்களூரில் 2008-லிருந்தும் சென்னையில் 2009-லிருந்தும் பால்புதுமையினரின் சுயமரியாதைப் பேரணிகள் நடக்கின்றன, இங்கிருந்து போய்வருகிறவர்கள் உண்டு. அங்கே முகம் தெரியாத கூட்டத்தில் ஆடுவது எளிது. சொந்த ஊரில், அத்தை வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கும்போது ஆடுவதுதான் கஷ்டம்.

யார் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெண்களை விரும்பும் பெண்கள் வருவதில்லை. வந்தாலும் ஒருவர் இருவர். காரணம் தேடி அலைய வேண்டாம், ஆறு மணிக்குள் வீடு, கூட யார் வருகிறார்கள் என்ற விசாரணை, இருபத்தொன்றில் ஜாதகம். சாவு ஊர்வலத்தில் ஆடுகிற உரிமைகூட இங்கே பெண்ணுக்குக் கிடையாது, பிறகு எங்கே பட்டறை? பெண்களுக்கும் திருநர்களுக்கும் டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை என்பதால் ஞாயிறு காலை பத்து முதல் மூன்று மணி என்று வைத்தால் கொஞ்சம் வழி பிறக்கும். மாலை ஏழு மணிக்கு வைக்கிறவர் பெண்கள் வரவேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நோட்டீஸில் ‘குயர்’ என்று போடலாமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. போட்டால் பயத்தில் பாதிப்பேர் வரமாட்டார்கள், போடாவிட்டால் வேடிக்கை பார்க்க நாலு பேர் வந்து நிற்பார்கள். நான் போடாத கட்சி. வானவில் வரைந்த பேனர் பெரிய ஊருக்குச் சரி. இங்கே நோட்டீஸில் ‘எல்லோருக்குமான நடனப் பட்டறை’, ஒரு போன் நம்பர். நம்பரில் பேசுகிறவர் விஷயத்தைச் சொல்லி, இரண்டு நிமிஷம் பேசிப் பார்த்து, அப்புறம்தான் மண்டபத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். இதைக் கோழைத்தனம் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு, அவர்கள் யாரும் இந்த மாவட்டத்தில் குடியிருப்பதில்லை.

வழிநடத்துவதற்கு யார் என்றால், என் கணக்கு வேறு. நகரத்துப் பயிற்சியாளர் ஒருவர் வரட்டும், ஆனால் அவரோடு சமமாகப் பெண் வேஷம் கட்டிப் பழகிய கூத்து வாத்தியார் ஒருவரும் வர வேண்டும், ஓர் இரவுக் கூத்துக்கு வாங்குகிற சம்பளத்துக்குக் குறையாமல் கொடுத்து. ஓர் உடம்பு பெண்ணாக நடப்பதற்கும் பீமனாக நடப்பதற்கும் பாதத்தில் எங்கே எடை விழுகிறது என்பதை அவரைப் போல் பிரித்துச் சொல்ல ஆள் கிடையாது. காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்துச் சங்கம் 2002-லிருந்து நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகள் கூத்து கற்று ஆண் வேஷமும் கட்டினார்கள், அதனால் கூத்து ஆண்களுக்கு மட்டும்தான் என்ற பேச்சுக்கும் இப்போது பலம் இல்லை. வாத்தியார் வருவாரா, ‘எதிர்ல ஆளே இல்லாம என்னத்த ஆடறது’ என்று கேட்பாரா என்பது பேசிப் பார்த்தால்தான் தெரியும். பேசுவதற்கு நல்ல மாதம் புரட்டாசி. ஆடி வரைக்கும் கூத்துக்காரர்களுக்கு ஊர் ஊராக வேலை இருக்கும், ஆவணியில் மண்டபமெல்லாம் கல்யாணத்துக்குப் போய்விடும். புரட்டாசியில் இரண்டும் சும்மா கிடக்கும், மண்டப வாடகையிலும் பேரம் பேசலாம். என்ன, பட்டறை முடிந்து பிரியாணி எதிர்பார்க்கிறவர்களுக்கு அன்றைக்குப் புளிசாதமும் வடையும்தான்.